ஓட்டமாவடியில் இரண்டு ட்ரொம்போன்கள்

படத்தை அனுப்பியவர் மச்சாள். என் அண்ணன் வினாயகமூர்த்தியின் மனைவி கேதீஸ்வரியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். ஓட்டமாவடியில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடை ஒன்று முகநூலில் போட்டிருந்த படம் அது. சோறு அவிக்கும் மின்சாரப் பானைகள், பிள்ளைகளின் சைக்கிள்கள், மேசை விசிறிகள். அவற்றுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி இரண்டு பெரிய ட்ரொம்போன்கள். கீழே, "பெரிய ஊதுகுழல் 2 உண்டு. நேரில் வரவும்" என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அழைப்பும் வந்தது.

"பாத்தீங்களா தம்பி?"

"பாத்தன்."

"ரெண்டும் பேஸ்தானே? வாய் நல்ல அகலம்."

"படத்தப் பாத்துச் சொல்லேலா மச்சாள்."

"அப்ப நேர போய்ப் பாப்பம். சனிக்கிழமை எனக்குத் தையல் இல்ல."

"பாத்து? ஆர் ஊதுற?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"ஆறு வருசமா சிம்பல் தட்டினது காணும்," என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன், பொலனறுவைப் பக்கம் ஒரு தேவாலயப் பெருநாளுக்கு வாசித்துவிட்டு எங்கள் பேண்ட் வாத்தியக் குழு வேனில் திரும்பிக்கொண்டிருந்தது. பகல்தான், ஆனால் எதிரே எதுவும் தெரியாத மழை. வீதியோரம் பழுதாகி நின்ற லொறியில் வேன் மோதியது. முன் இருக்கையில் இருந்த அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டார். பின்னால் இருந்த எங்களில் பலர் சிராய்ப்போடு இறங்கினார்கள். எனக்கு வலது முழங்கை நொறுங்கியது. கம்பி வைத்துப் பொருத்தினார்கள். இப்போது கை மடங்கும், பேனா பிடிக்கும், சோறு தின்னும். முழுதாக நீளாது.

நான் சாதாரண ட்ரொம்போன் வாசித்தவன். அண்ணன் அதைவிட ஆழமான சத்தம் தருகிற பேஸ் ட்ரொம்போன். இரண்டிலும் வலது கைக்குத்தான் வேலை. ஸ்லைட் என்கிற நீண்ட குழாயை முன்னும் பின்னும் இழுத்துச் சத்தத்தை மாற்றவேண்டும். அதில் ஏழு இடங்கள் உண்டு. முதலாம் இடம் மூக்குக்கு நேரே. ஏழாம் இடம், கை முழுவதும் நீண்டு விரல் நுனியில் குழாய் நிற்கிற இடம். என் கை ஐந்தாம் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் பேண்ட் மறுபடி கூடியபோது என்னிடம் சிம்பலைக் கொடுத்தார்கள். அண்ணனின் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. அவருடைய ட்ரொம்போனும் இல்லை. நசுங்கிக் கிடந்த அதை வேனிலிருந்து எடுத்தவர்கள் இது என்ன சாமான் என்று கேட்டார்களாம்.

பேஸ் இல்லாமல் வாசித்த அந்த ஆறு வருடமும் எங்களால் ஒரு பாட்டை ஒழுங்காக முடிக்க இயலவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. செத்தவீட்டு ஊர்வலத்தில் ஒரே இசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நடப்போம். அடக்கம் செய்கிற சவக்காலையின் வாசல் எப்போது வரும் என்று எவருக்குத் தெரியும்? எங்கே முடிப்பது என்பதை அண்ணன்தான் காட்டுவார். முடிக்கவேண்டிய சுற்றில், கடைசி வரிக்கு முன்னால் வருகிற ஒரு சின்ன நிறுத்தத்தில், ஸ்லைடை ஏழாம் இடம்வரை முழுவதுமாக நீட்டுவார். வெயிலில் அது பளிச்சென்று முன்னே பாயும். அதைக் கண்டதும் எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டு முன்னே பார்ப்போம். உடனே நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல அந்த ஆழமான சத்தம் வரும். கடைசி வரியை அதன்மேல் ஏறி நின்று வாசித்து முடிப்போம்.

அண்ணனின் ட்ரொம்போனில் ஒரு வால்வும் இருந்தது. இடது கையின் பெருவிரலால் அமத்தினால் காற்று இன்னொரு வளைகுழாய் வழியாகச் சுற்றிப்போகும். ஏழாம் இடத்துச் சத்தத்தைக் கையை நீட்டாமலே எடுத்துவிடலாம். "அது சோம்பேறிகளுக்குச் செஞ்சது," என்பார் அண்ணன். "கை இருக்கிறவன் நீட்டி எடுக்கோணும்."

அந்தச் சொல் என் மனதில் தங்கிவிட்டது. விபத்துக்குப் பிறகு நாவற்குடாவில் என் வீட்டுக் குசினிச் சுவரில் பென்சிலால் ஏழு கோடுகள் போட்டேன். சுவரோடு தோளை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் நூலகத்துக்கு வேலைக்குப் போகுமுன் கையை நீட்டிப் பார்ப்பேன். தண்ணீர் வாளியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பேன். ஐந்தாம் கோட்டுக்கும் ஆறாம் கோட்டுக்கும் நடுவில் ஒருநாள் நகம் பட்டது. அதற்கு மேல் போகவில்லை. ஏழைத் தொடமுடிந்தால் அண்ணனின் இடத்தில் நிற்கலாம், முடியாவிட்டால் சிம்பல்தான் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. மச்சாள் ஒருமுறை தேங்காய் திருவ வந்தபோது சுவரைப் பார்த்தார். என்ன கோடு என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை கல்லடியில் பஸ் ஏறினோம். ஏறாவூர் தாண்டியதும் மச்சாள் கைப்பையைத் திறந்து ஒரு கைலேஞ்சி முடிச்சைக் காட்டினார். உள்ளே அண்ணனின் மவுத்பீஸ். வாயில் வைத்து ஊதுகிற அந்தக் கிண்ணத்தை அண்ணன் எப்போதும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரத்தோடு சேர்த்துக் கொடுத்தார்களாம்.

"பொருந்துதோ எண்டு பாக்கிறத்துக்கு," என்றார். கைப்பையில் தையல் மிஷின் எண்ணெய்ப் போத்தலும் இருந்தது.

"இது என்னத்துக்கு?"

"அவரிட வால்வுக்கு நான் இதுதான் விடுற."

பாவிக்காத வால்வுக்கு ஏன் எண்ணெய் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடைக்காரர் றவூப்பை அங்கே எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள்; அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் மின்சாரப் பானைகளைக் காட்டத் தொடங்கினார். மச்சாள் பின்சுவரைக் காட்டியதும் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், அதுக்கும் ஆள் வந்திட்டு! மூணு மாசமா இரிக்கி. ஒருத்தர் வந்து தண்ணி மோட்டருக்குச் சரிவருமா எண்டு கேட்டுப் போனார்."

இரண்டையும் மேசையில் வைத்தார். முதலாவது, அண்ணனுடையதைப் போலவே ஒரு வால்வு. பொன்னிறப் பூச்சு அப்படியே இருந்தது. இரண்டாவதற்கு இரண்டு வால்வுகள். பூச்சு கைபட்ட இடமெல்லாம் உரிந்து, அகன்ற வாயின் விளிம்பில் ஒரு நசுங்கல். முதலாவதைப் பார்த்தால், மேசையில் வைத்துவிட்டு அண்ணன் கைகழுவப் போயிருக்கிறார் என்றே சொல்லலாம்.

"வடிவான சாமான்," என்றார் றவூப் காக்கா. "அதுக்கு விலை கொஞ்சம் கூட. மற்றது குறைவு."

"ரெண்டு வால்வு உள்ளதுக்கா குறைவு?" என்றேன்.

"உள்ளுக்கு சாமான் கூடினா பழுதாகிறதும் கூடும்தானே தம்பி. வோஷிங் மெஷினும் அப்பிடித்தான்."

மச்சாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்லைடை நிமிர்த்திப் பிடித்து மெல்ல விட்டேன். முதலாவதில் எண்ணெய்போல இறங்கியது. இரண்டாவதில் நடுவில் லேசாக உரசியது, ஆனால் நிற்கவில்லை. உட்குழாய்கள் நேராக இருந்தன. பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் இல்லை. வால்வை அமத்தாமல் வளைகுழாயை இழுத்து, பிறகு வால்வை அமத்தினேன். முதலாவதில் 'பொக்' என்று காற்று வெடித்தது. கசிவு இல்லை. இரண்டாவதில் ஒரு வால்வில் அதே சத்தம் வந்தது, மற்றது இறுகி அசையவே இல்லை. மச்சாள் என்னை விலக்கிவிட்டுத் தன் போத்தலை எடுத்தார். மூன்று துளி விட்டு, பெருவிரலால் தட்டித் தட்டி, ஐந்து நிமிடத்தில் அசைய வைத்தார்.

"தங்கச்சி வேலைக்கு வாறண்டா சொல்லுங்க," என்றார் றவூப் காக்கா. "உள்ள ஆறு ஃபேன் இப்பிடி இறுகிக் கிடக்கு."

"எண்ணெய்க் காசும் தருவீங்களா?"

"அது பேசித்தான் பாக்கோணும்."

மவுத்பீஸ் இரண்டிலும் சரியாக உட்கார்ந்தது. நான் முதலாவதை வாய்க்குக் கொண்டுபோனேன். றவூப் காக்கா பதறிக் கையை உயர்த்தினார்.

"தம்பி, தம்பி, இஞ்ச வேணாம். பின்சுவர் பள்ளிவாசல் சுவர். அஸர் தொழுகைக்கு ஆக்கள் வாற நேரம்."

"ஊதிப் பாக்காம எடுக்கேலா காக்கா."

"ஆர் வேணாமெண்ட? பாலத்தடிக்குக் கொண்டுபோய் ஊதுங்க. ரெண்டையும் கொண்டுபோங்க. ஒண்டக் கொண்டு வந்து தாங்க."

"எங்கள உங்களுக்குத் தெரியாதே," என்றார் மச்சாள்.

"இத ரெண்டையும் தூக்கிட்டு ஓடுறவன நான் இன்னும் பாக்கல்ல தங்கச்சி. ஓடினா ஊரே பாக்கும்."

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலத்தடிக்குப் போனோம். ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பால் இரண்டு தோணிகள். கரையில் ஒரு மருத மரத்தின் கீழ் மச்சாள் கல்லில் உட்கார்ந்தார். நான் முதலாவதை எடுத்தேன்.

ஆறு வருடத்தில் உதடு மென்மையாகிப் போயிருந்தது. முதல் சத்தம் காற்றோடு பிசிறியது. மூன்றாவது தடவை நிலைத்து வந்தது. பிறகு ஒவ்வொரு இடமாக இறங்கினேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அங்கே கை நின்றது. தோளை முன்னே தள்ளினேன். இடுப்பிலிருந்து சாய்ந்தேன். ஆறாம் இடத்தின் ஓரத்தில் ஸ்லைட் நடுங்கியது. ஏழுக்கு இன்னும் ஒரு கைப்பிடித் தூரம். முழங்கைக்குள் கம்பி சுட்டது. மறுபடி முயன்றேன். மறுபடியும்.

"வால்வ அமத்துங்களேன் தம்பி," என்றார் மச்சாள்.

"அமத்தினா அது அண்ணன் ஊதினமாதிரி இல்ல."

"ஏன்?"

"அண்ணன் நீட்டித்தானே எடுப்பார்."

மச்சாள் ஒரு சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கட வீட்டுச் சுவரில கிடக்கிற கோடு இதுக்கா?" என்று கேட்டார்.

நான் ஸ்லைடை உள்ளே இழுத்தேன்.

"அவர் நீட்டி எடுக்கிறேல்ல," என்றார்.

"என்ன?"

"நீட்டுவார். உங்களுக்குக் காட்ட. மறுகா கைய இஞ்சால இழுத்து, பெருவிரலால வால்வ அமத்தி, கிட்ட வச்சித்தான் அந்தச் சத்தம். நீங்க எல்லாரும் அப்ப முன்னுக்குப் பாத்துருவீங்க. ஆர் கண்ட?"

"நான் பக்கத்தில நிண்டனான் மச்சாள். பதினெட்டு வருசம்."

"வலப்பக்கம் நிண்டீங்க. பெருவிரல் இருக்கிறது இடப்பக்கம். வீட்டில அவர் பழகக்குள்ள என்ட மிஷின் இடப்பக்கம். எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன ஒருவர்மேல் அவ்வளவு சின்னக் கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. "சோம்பேறிகளுக்கு எண்டு சொல்லுவாரே," என்றேன்.

"வல்லிபுரம் மாஸ்டர் வந்த புதுசில, 'மூர்த்திக்கு எவ்வளவு நீட்டுக் கை' எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாராம். மறுகா எப்பிடி இல்லையெண்டு சொல்லுற? என்னையும் சொல்ல வேணாமெண்டவர்."

வல்லிபுரம் மாஸ்டர் எங்கள் பேண்டின் தலைவர். அவர் புகழ்வது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். அதை அண்ணன் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார்தான்.

"நீட்டுக் கை!" மச்சாள் சிரித்தார். "தம்பி, பேண்டில எல்லாருக்கும் முழுக்கைச் சட்டை நான்தானே தச்ச. உங்கட கை இருபத்திநாலு இஞ்சி. அவரிட இருபத்திரெண்டரை. அவருக்கு ஏழில குழாயப் பிடிச்சு நிக்கவே ஏலா. விரல் நுனியால தள்ளிட்டு, விழாம இழுப்பார். ஒருக்கா விழுந்தும் இருக்கு. கண்ணாடி அலுமாரி உடைஞ்சது அப்பிடித்தான்."

அந்த அலுமாரி பூனையால் உடைந்தது என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். பூனையை ஒரு மாதம் வீட்டுக்குள் விடவில்லை.

நான் போய் மச்சாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் ஆற்றைப் பார்த்தோம். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது. பிறகு அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மற்றத எடுங்க," என்றார்.

இரண்டாவது கனமாக இருந்தது. இடது மணிக்கட்டு உடனே முறையிட்டது. பெருவிரலுக்கு ஒரு வால்வு, நடுவிரலுக்கு மற்றது. இரண்டையும் சேர்த்து அமத்தியபோது ஸ்லைட் எங்கே நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் இடத்தில் தேடினேன், நான்கில் தேடினேன். நான்காம் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி, என் கை வலியில்லாமல் போய் நிற்கிற ஓரிடத்தில், சத்தம் பிடிபட்டது. அண்ணனின் கடைசிச் சத்தத்துக்கும் கீழே, முதலாவது ட்ரொம்போனில் வால்வை அமத்தினாலும் ஏழுவரை போயே எடுக்கவேண்டிய சத்தம் அது. மரத்தடியில் நின்ற ஆட்டோக்காரர் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கொஞ்சம் கீழ நிக்கி," என்றார் மச்சாள்.

ஸ்லைடை ஒரு விரலளவு உள்ளே இழுத்தேன்.

"இப்ப சரி."

பொன்னிறமானதை ஒரு தடவை பார்த்தேன். மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஊதவில்லை. மவுத்பீஸைக் கழற்றி மச்சாளிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் என் சட்டைப் பையைக் காட்டினார்.

கடைக்குத் திரும்பியபோது றவூப் காக்கா தொழுகை முடித்து வந்திருந்தார்.

"சத்தம் இஞ்ச வரைக்கும் வந்திச்சு," என்றார். "பள்ளியால வந்த ஆக்கள் ஆத்தில எருமை விழுந்திட்டோ எண்டு கேட்டாங்க. எது எடுக்கிற?"

நான் நசுங்கியதைக் காட்டினேன்.

"வடிவான மற்றத விட்டுட்டா? நல்லா யோசிச்சீங்களா? பழுதாகி வந்தா நான் பொறுப்பில்ல."

"வந்தா நான் எண்ணெய் விடுவன்," என்றார் மச்சாள்.

பெட்டி இல்லாததால் றவூப் காக்கா ஒரு பழைய ஜப்பான் படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டித் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. பஸ்ஸில் நடத்துநர் அது என்ன என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் அதற்கும் ஒரு சீட்டுக் கிழித்தார்.

மூன்று மாதம் வீட்டில் பழகினேன். பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். குசினிச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். இடையில் ஒருநாள் வல்லிபுரம் மாஸ்டர் வந்து கேட்டுவிட்டு, "ம்" என்று சொல்லிப் போனார். சிம்பலை வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள்.

முதல் தடவை வெளியே வாசித்தது கல்லடியில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரின் செத்தவீட்டில். அண்ணன் நிற்கும் இடத்தில், வரிசையின் இடது ஓரத்தில் நடந்தேன். என் இடது பக்கத்தில் வீதியும் ஆட்களும்தான். அண்ணன் கண்டுகொண்டிருந்ததும் இதுதான் என்று அன்றுதான் யோசித்தேன். எங்கள் எல்லோரையும் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெருவிரலை ஊருக்குக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

சவக்காலை வாசல் தெரிந்தது. கடைசி வரிக்கு முந்திய நிறுத்தம் வந்தது. நான் ஸ்லைடை நீட்டினேன். அது ஐந்தாம் இடம்வரை போய் நின்றது. வழக்கமான வாசிப்பில் போகிற தூரம்தானே என்று எல்லோரும் எண்ணிவிட்டார்கள். ஒருவரும் முடிக்கவில்லை. நான் மட்டும் கடைசிச் சத்தத்தை ஊதிக்கொண்டு நிற்க, மற்றப் பத்துப் பேரும் முதலாம் வரிக்குப் போய்விட்டார்கள். தபால்காரரை வாசலில் இறக்கி வைத்தபடி இன்னொரு முழுச் சுற்று வாசிக்கவேண்டியதாயிற்று. தூக்கிவந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். வல்லிபுரம் மாஸ்டர் ஊதுவதை நிறுத்தாமல் கண்ணால் என்னைத் திட்டினார்.

அந்தச் சுற்றில் நிறுத்தம் வந்தபோது நான் ஸ்லைடை அசைக்கவில்லை. உடம்பை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பி, வரிசை முழுவதையும் பார்த்து, மூச்சை இழுத்தேன். அருகில் இருந்த நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். நடுவிரலாலும் பெருவிரலாலும் இரண்டு வால்வையும் அமத்திக்கொண்டு அடியில் ஊதினேன். இந்தமுறை பாட்டு முடிந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன், இனிமேல் முடிக்கிற இடத்தில் என் கையைப் பார்க்க வேண்டாம், நான் திரும்பிப் பார்ப்பேன், முகத்தைப் பாருங்கள் என்று.

"மூர்த்தி அண்ணன்ட கை பாக்க வடிவா இருந்திச்சு," என்றான் சின்ன மேளம் அடிக்கும் நிலோஜன், பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே. "உங்கட மூஞ்சி அப்பிடி இல்ல அண்ணே. ஆனா தூரத்திலயும் தெரியுது."